அழுகையை வரமாகத் தந்த மாரி

என் அக்காள் மாதம்மாள் வாந்திபேதியில் போனாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவள், மறுநாள் பொழுது சாயும் முன் மண்ணுக்குள் போய்விட்டாள். பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு மாசி மாதம். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் அந்த மாதம் பறை ஓயவேயில்லை.

மாரியை நம்பி இங்கே கூடியிருக்கும் தாய்மார்களே, எனக்குக் கோவையாகப் பேச வராது. நடந்தபோதே ஒன்றும் புரியவில்லை, இப்போது மட்டும் புரிந்துவிட்டதா என்ன? முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் காவேரி, அப்போதுதான் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. சின்னவன் பெருமாள், இடுப்பை விட்டு இறங்காத வயசு. நோய் தொற்றிவிடும் என்று இரண்டு பேரையும் யாரோ தோட்டத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். தாய் முகத்தை அவர்கள் பார்க்கவேயில்லை. திரும்பி வந்தபோது, அக்காள் புருஷன், அதாவது என் மாமாவின் அக்காள், அந்த வீட்டில் அவள் சொல்தான் சட்டம், காவேரியை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"உங்கம்மா சாமியாயிட்டா கண்ணு. சாமிக்கு அழுவக் கூடாது. ஆகாது."

சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டில் வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. ஒரு கூடையில் புதுச்சேலை, மஞ்சள், வளையல், பூ வைத்து மூலையில் இருத்தினார்கள். அதுதான் இனி அம்மா என்றார்கள். காவேரி கூடையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

பிறகு என்னைப் பற்றிப் பேச்சு வந்தது. துக்கம் விழுந்த வீட்டில் சீக்கிரம் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு வேற்று ஆள் வேண்டாம், தங்கச்சியே வரட்டும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை நினைத்தால் ஓடிப்போய் அள்ளிக்கொள்ளத் தோன்றும். அக்காள் புருஷன் பக்கத்தில் மணையில் உட்காருவதை நினைத்தால் எங்காவது ஓடி ஒளியத் தோன்றும்.

வைகாசியில் கல்யாணம். முதல் நாள் பூவாடைக்குப் படைத்து அக்காளிடம் உத்தரவு கேட்டார்கள். அவளுக்குச் சாத்திய சேலையை எடுத்து எனக்கே கட்டிவிட்டார்கள். தாலி ஏறியதும் மாமாவின் அக்காள் என் காதருகில், "சாலா, இனிமே நீ கூடப் பொறந்தவள நெனச்சு அழுதேன்னா அந்தத் தாலிக்கு ஆகாது, சொல்லிட்டேன்" என்றாள். பிள்ளைகளிடம் திரும்பினாள். "இவதான் இனி உங்கம்மா. சின்னம்மான்னு வாயில வரக் கூடாது."

பெருமாள் உடனே அம்மா என்றுவிட்டான். அவனுக்கென்ன, பாவம், பசித்தால் யாரும் அம்மாதான். காவேரி அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

முன்பெல்லாம் நான் எங்கள் ஊர் பாலக்கோட்டிலிருந்து வண்டியில் வந்தால் காவேரி ஏரிக்கரை தாண்டி ஓடி வருவாள். என் மடியில் வேர்க்கடலை உருண்டை இருக்கும். உருண்டையைத் தின்றுகொண்டே கதை கதையாய் அளப்பாள், "வாயாடி, மூச்சு வுட்டுப் பேசுடி" என்று அக்காள் சிரிப்பாள். அந்தப் பிள்ளையா இது என்றிருந்தது. ஊட்டினால் இரண்டு வாய். எலும்பு தெரிய இளைத்துவிட்டாள். சாயந்தரமானால் வண்டித் தடத்தில் போய் நிற்பாள். தாயைத் தேடுகிறாள் என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

பயந்த கோளாறு என்று வேப்பிலை அடித்தார்கள். கயிறு கட்டினார்கள். தருமபுரி ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், உடம்பில் ஒன்றுமில்லை என்று மருந்துத் தண்ணீர் கொடுத்தார். திரும்பி வரும்போது மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, என் முகம் பார்க்காமல் சொன்னார். "இவளாட்டம் நானும் வாய மூடிக்கிட்டா யாரு கேப்பாங்க?" கல்யாணமான பின் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான்.

நான் யார் என்றே எனக்குப் பிடிபடவில்லை. அக்காள் உலக்கையில் ராகி குத்துகிறேன், அக்காள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறேன். "மாதம்மா கைப் பக்குவம் உனக்கு வரல" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் கோபம் வரும். ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருக்கும். பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

செவ்வாய் தவறாமல் மாரியிடம் போனேன். "தாயே, காவேரி வாயைத் திறந்து என்னை அம்மான்னு கூப்பிடணும், மாவிளக்குப் போடறேன்" என்று வேண்டிக்கொள்வேன். படி இறங்கும்போதே வேறு நினைப்பு வரும். அவள் அப்படிக் கூப்பிட்டுவிட்டால் என் அக்காள் நிஜமாகவே செத்துவிடுவாளே. வேண்டாம் தாயே, பலித்துவிடாதே என்றும் வேண்டுவேன். இரண்டில் எது அவள் காதில் விழுந்திருக்கும்? சொல்லுங்கள்.

ஆடியில் கூழ் ஊற்றும் நாள் வந்தது. காவேரியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் கூழ்க்குடத்தோடு கோயிலுக்குப் போனேன். குடத்தை இறக்கியதும் பூசாரி திருநீறு நீட்டி, "என்னம்மா வேண்டுதல்?" என்றார். பிள்ளை வாய் திறக்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயில் வந்தது வேறு.

"எங்கக்கா எங்க? எங்கக்காள எனக்குக் குடு."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். அக்கா, அக்கா என்று அலறினேன். மார்பில் அடித்துக்கொண்டேன். தாலியும் மறந்துபோயிற்று, சனமும் மறந்துபோயிற்று. மாமாவின் அக்காள் ஓடிவந்து, "அடியே, வாய மூடு. கோயில எழவு வூடாக்காத" என்று என் தோளை உலுக்கியது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

அப்போது என் கன்னத்தில் ஒரு சின்னக் கை பட்டது. காவேரி என் முகத்தைத் தூக்கி உற்றுப் பார்த்தாள்.

"சின்னம்மா," என்றாள். "எப்ப வந்தே?"

அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தெனமும் வண்டித் தடத்துல வந்து பாத்தேன். நீ வரவேயில்ல. எங்க போயிருந்தே?" என்றாள். பிறகு, எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். "சின்னம்மா, எங்கம்மா செத்துப்போச்சு."

"தெரியும் கண்ணு. எங்கக்கா செத்துப்போச்சு."

அவளும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். அத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்திருந்தோம். அவள் தடத்தில் நின்று தேடியது தாயை இல்லை, என்னை. தாய்தான் கூடைக்குள் சாமியாகிவிட்டாளே. தாய் போன துக்கத்தைச் சொல்லி அழச் சின்னம்மா வருவாள் என்று காத்திருந்திருக்கிறாள். அந்தச் சின்னம்மாவையும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து இல்லாமல் செய்துவிட்டோம். வேப்பமரத்தடியில் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியதை அப்போதுதான் பார்த்தேன். கூழ் வாங்க வந்த சனம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

அன்று அவள் இரண்டு கிண்ணம் கூழ் குடித்தாள். மாமாவின் அக்காள் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு நாள் கூடைக்கு எதிரில் தனியாக உட்கார்ந்து, "மாதம்மா, நீ பெத்ததுங்கள உனக்காக அழுவக்கூட வுடலியேடி" என்று அவளும் அழுதாள். அதற்குப் பிறகு வீட்டில் அக்காள் பேச்சு தாராளமாக வந்தது. அவள் களி அடிப்பிடித்த கதையை மாமா சொல்வார், பிள்ளைகள் சிரிப்பார்கள், நடுவில் யாராவது அழுவோம். மாமா என் முகம் பார்த்துப் பேசத் தொடங்கியதும் அப்படித்தான்.

காவேரி இன்றுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் பிறந்த பெண்ணும் அவளைப் பார்த்து என்னைச் சின்னம்மா என்கிறது, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? மாரி என் வேண்டுதலைக் கேட்டாளா, தள்ளிவிட்டாளா, எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனாலும் மாவிளக்கைப் போட்டுவிட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒருத்தி பிரசவத்தில் போய்விட்டாள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவள் பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வயசில் நிற்கும் என் காவேரி விறுவிறு என்று உள்ளே போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். "உங்கம்மா செத்துட்டாங்க. எங்கம்மாவும்தான். நான் கூடவே இருக்கேன், அழுவுங்க" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அவள் மடியில் விழுந்தார்கள்.

தாய்மார்களே, என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் மாரியிடம் போங்கள். தப்பாகக் கேட்டாலும் அவள் கோபிப்பதில்லை, அதற்கு நானே சாட்சி. போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு எதிரிலேயே அழுங்கள்.