இடது மூலைக்குப் பாரம்

சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த புகைப்படத்தை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. அதில் ஒரு வெள்ளைப் படகு போய்க்கொண்டிருந்தது. படகுக்குப் பின்னால் எழும்பிய அலையின் மேல், சின்னப் பலகை ஒன்றில் ஒரு வெள்ளைக்காரன் நின்றான். கையில் கயிறு இல்லை. எதையும் பிடிக்காமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். படகு அலையை உண்டாக்கும், அலை ஆளைத் தள்ளிக்கொண்டே வரும் என்றார் சித்தப்பா.

பெரியப்பா படத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"இதுல நீ எங்கடா இருக்க?"

"போட்டுல இருக்கேன் பாருங்க. மஞ்சத் தொப்பி."

படகின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

"அந்தப் பலகை மேல நீ நின்னிருக்கியா?"

"நிக்காமயா சொல்றேன்?"

"கயிறு இல்லாம?"

"கயிறு இல்லாமத்தான்."

பெரியப்பா படத்தை என் கையில் கொடுத்தார். "பாப்பா, இத ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிடாத. குடும்பத்தையே பாத்து சிரிப்பாங்க."

அன்றிலிருந்து சித்தப்பாவின் பெயர் 'அலை' ஆகிவிட்டது. "அலை எழுந்திரிச்சிட்டாரா?" "அலைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்க." தெருப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் ஆகும். இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு சித்தப்பாவால் விமானம் ஏற முடியாது என்று எனக்கே தெரிந்தது. நான் அப்போது ஆறாவது படித்தேன். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காட்டறேன்" என்றார்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. அங்கே மீன் குத்தகை எடுத்திருந்தவரிடம் இன்ஜின் வைத்த ஒரு ஃபைபர் படகு இருந்தது. சித்தப்பா போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்ததும் எங்கள் வீட்டுத் தரையில் சாக்பீஸால் படகை வரைந்தார். வீட்டில் கேட்க ஆளில்லாததால் பாடம் முழுவதும் எனக்குத்தான் நடந்தது. நான் வாயைத் திறக்காத பிள்ளை என்பதால் அவருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"போட்டு சும்மா போனா தண்ணிய கிழிச்சிட்டுப் போயிடும் பாப்பா. பின்பக்கம் நல்லா அமுங்கணும். அப்பத்தான் தண்ணி குழியாவும், குழிக்குப் பின்னால எழும்பும். இடது மூலைய அமுக்கனா இடது பக்கத்து அலை செவுரு மாதிரி நிக்கும். அங்க பெரிய பெரிய தண்ணிப் பை வெப்பாங்க. பத்தலன்னா ஆள ஒக்கார வெப்பாங்க."

எங்களிடம் தண்ணீர்ப் பை இல்லை. ஆனால் எங்கள் ஊர் விருத்தாசலத்தில் பாரத்துக்கா பஞ்சம்? பெரியப்பா வேலை பார்த்த பீங்கான் பட்டறையின் பின்கட்டில், உடைந்த ஃப்யூஸ் கட்டைகள் மலையாகக் கிடந்தன. எங்கள் ஊரில் வாசல் பள்ளத்தை மூடுவதிலிருந்து வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். முதலாளியிடம் கேட்டுவிட்டு, சித்தப்பாவும் நானும் சாக்குகளோடு போனோம்.

அங்கே இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று சூளையில் வெந்து உடைந்தது. இன்னொன்று வேகாதது. அச்சிலேயே விரிசல் விட்டு, மறுபடி கரைத்து மாவாக்குவதற்காகக் காய்ந்து கிடப்பது. இரண்டும் வெள்ளைதான். ஆனால் ஒன்றோடொன்று தட்டினால், வெந்தது மணிபோல் சத்தம் கொடுக்கும், வேகாதது கட்டாந்தரையைத் தட்டியதுபோல் 'தட்' என்னும். எங்கள் தெருவில் பால்பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும்.

வெந்த குவியலில் கைவைத்ததும் சித்தப்பாவின் விரலை ஒரு முனை கீறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த குவியலுக்குப் போனார். அதில் விளிம்புகள் மழுங்கியிருந்தன. "இது கையக் கிழிக்காது, சாக்கையும் கிழிக்காது" என்று அள்ளிப் போட்டார். ஒவ்வொரு கட்டையும் 'தட்', 'தட்' என்று விழுந்தது. நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லலாம் என்று இரண்டு முறை மூச்சை இழுத்தேன். விமானத்தில் போய் வருகிறவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். பத்து சாக்கு நிறைந்தது.

பலகையும் பட்டறையிலிருந்தே வந்தது. ஃப்யூஸ் கட்டை காயவைக்கும் பலகைகள் இரண்டைச் சேர்த்து ஆணி அறைந்து, முனையை மழுக்கி, அடியில் தெர்மகோல் ஒட்டி ரெக்சின் சுற்றினார் சித்தப்பா. கால் வழுக்காமலிருக்க மேலே மெழுகுவத்தியைத் தேய்த்தார். தண்ணீருக்குள் சுழலும் இன்ஜின் இலையைச் சுற்றிப் பாதுகாப்பாக இரும்புக் கூண்டு ஒன்றையும் வெல்டிங் கடையில் அடித்து வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மினி லாரியில் கிளம்பினோம். அப்பாவுக்கு வேலை. என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மா புளிசாதத் தூக்கோடு ஏறிக்கொண்டாள். "வேடிக்க பாக்கத்தான் வரேன்" என்று பெரியப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் லாரி அந்தப் பக்கமாக ஒருமுறை தணிந்தது. அவர் அப்படி.

ஏரி எனக்குக் கடலாகத் தெரிந்தது. சாக்குகளை இடது மூலையில் அடுக்கியதும் படகு ஒருக்களித்துப் படுத்தது. குத்தகைக்காரர் தலையைச் சொறிந்தார். "தம்பி, மூழ்கனா மீனுதான் எனக்கு மிச்சம்." இன்ஜினை இழுத்தார். நானும் அம்மாவும் பெரியப்பாவும் கரையில் நின்றோம். சித்தப்பா படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பலகையோடு தண்ணீரில் கிடந்தார்.

முதல் சுற்றிலேயே அலை வந்தது! படகின் இடப்பக்கம் பச்சையாக, வழவழவென்று முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. நான் துள்ளிக் குதித்ததில் ஒரு செருப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. சித்தப்பா எழுந்து நின்றார், கயிற்றோடுதான். விழுந்தார். இரண்டாவது சுற்றிலும் விழுந்தார். மூன்றாவதில் அலை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. நான்காவதில் அலையே இல்லை. வாத்துக் குஞ்சு போனதுபோல ஒரு கோடுதான்.

படகு கரைக்கு வந்தது. குத்தகைக்காரரின் கால் முழங்கால்வரை வெள்ளையாக இருந்தது. படகின் வயிற்றுக்குள் தண்ணீர் ஏறி, சாக்குகள் எல்லாம் சப்பையாகிக் கிடந்தன. தோசைமாவு போல ஒரு கூழ் படகு முழுக்க பரவி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக ஆடியது. இடது மூலைக்கென்று பாரமே இல்லை.

பெரியப்பா குனிந்து ஒரு விரலால் தொட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பில் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேகாததயாடா அள்ளியாந்த? நீ நம்மூர்க்காரன்தானா? பாஸ்போட்ட எடுத்து வந்து காட்டு!"

சித்தப்பா கீறிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான், வீட்டிலேயே உரக்கப் பேசாத நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்:

"பெரியப்பா, நீங்க ஒக்காந்தா அலை ஏறும்."

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு படகைப் பார்த்தார். "பாரத்துக்குக் கூப்புடறியா? சரிதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

கூழை வழித்துக் கொட்டினார்கள். பெரியப்பா இடது மூலையில் உட்கார்ந்தார். போதவில்லை. "அண்ணி, நீங்களும்" என்றார் சித்தப்பா.

இதுதான் கஷ்டம். பெரியப்பா முன்னால் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் வந்தால் எழுந்து கதவோரம் போய்விடுவாள். இப்போது அவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அம்மா தவித்தாள். "வாம்மா, நானும் சாக்கு, நீயும் சாக்கு. சாக்குக்கு என்னா மொற?" என்றார் பெரியப்பா. அம்மா என்னை நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆளுக்கொரு காலி எண்ணெய் கேனை இடுப்பில் கட்டிவிட்டார் குத்தகைக்காரர்.

சித்தப்பா தண்ணீரில் நின்றபடி எங்களை அடுக்கினார். "அலைக்கு முதுகக் காட்டி ஒக்காருங்க. முழங்கால கட்டிக்குங்க, தலையத் தாத்திக்குங்க. முதுகுல பட்டு பட்டுன்னு அடிக்கும், ஒண்ணும் ஆவாது. இது நல்ல தண்ணி அண்ணி, கண்ணு எரியாது. யாரும் திரும்பக் கூடாது. திரும்பனா பாரம் நவுந்துடும்." என் பக்கம் வந்ததும், "நீ திரும்பிக்கலாம் பாப்பா. நீ எடையே இல்ல" என்றார்.

இன்ஜின் உறுமியது. படகின் முன்பக்கம் மேலே தூக்கியது. பெரியப்பா "ஏய் ஏய்" என்றார். அம்மா தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். நான் பின்னால் திரும்பினேன்.

என் கண்ணெதிரே தண்ணீர் குழிந்து எழுந்தது. இடுப்புயரம். வெயில் அதற்குள் புகுந்து கண்ணாடிபோல் மின்னியது. அதன் சரிவில் சித்தப்பா எழுந்தார். கால்களை அகட்டி வைத்தார். கயிறு தொய்ந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விட்டுவிட்டார்.

ஒன்று. இரண்டு. கயிறு தண்ணீரில் தனியாகப் பாம்புபோல் போனது. மூன்று. நான்கு. சித்தப்பாவின் வாய் திறந்திருந்தது. ஐந்து. நான் கத்தி எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள். ஆறு, ஏழு. அலை அவரைத் தள்ளியது. யாரும் இழுக்கவில்லை. எட்டு. ஒன்பது. தொபீர்.

"நின்னானா?" பெரியப்பா இன்னும் குனிந்தே இருந்தார். "பாப்பா, நின்னானா?"

"ஒம்பது!" என்றேன். "கயித்த வுட்டுட்டு ஒம்பது!"

குத்தகைக்காரரும் முன்னால் பார்த்து ஓட்டியதில் எதையும் பார்க்கவில்லை. மொத்த ஏரியிலும் பார்த்தது நான் ஒருத்திதான். பெரியப்பா ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா சொன்னா சரிதான். பொய் சொல்லக்கூட அது வாயத் தொறக்காது." கரையேறியதும் குத்தகைக்காரரிடம், "எங்க வூட்டு அலைய பாத்தீங்களா?" என்றார்.

திரும்பும்போது சித்தப்பா லாரியின் பின்னால் என்னோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கால்களில் கூழ் காய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது.

"நெஜமா கயித்த வுட்டுட்டனா பாப்பா?"

"வுட்டுட்டீங்க."

"எவ்ளோ?"

"ஒம்பது."

கம்பளி விற்பவர்கள் கூடாரம் போட்டிருந்த இடம் தாண்டியதும் மறுபடி கேட்டார். ஊர் எல்லையில் இன்னொரு முறை.

அந்தப் புகைப்படம் என்னிடமே தங்கிவிட்டது. கல்யாணமாகி வீடு மாற்றும்போது வெயிலில் வைத்து உற்றுப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி படகின் இடது மூலையில் இருந்தது. முழங்காலைக் கட்டி, தலையைத் தாழ்த்தி, அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் சித்தப்பா.

அன்று லாரியில் எனக்கு அது தெரியாது. துபாயில் தினமும் பலகையில் நிற்கிறவர் இதைப் போய் இத்தனை தடவை கேட்கிறாரே, எண்ணிக்கையை மறந்துவிடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அதனால் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, விரல்களை விரித்துக் காட்டி, "ஒம்பது சித்தப்பா" என்றேன்.