சத்தம் போடாத மீன்

ஊசி என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். உடம்பும் ஊசி, நாக்கும் ஊசி. பள்ளிச் சீருடை தைப்பவள். பொத்தான் அறுந்துபோச்சு என்று வருகிற பிள்ளையிடம், "சட்டையப் போட்டியா, சட்டையோட சண்டை போட்டியா?" என்று கேட்காமல் தைத்துக் கொடுத்ததே இல்லை. அப்பேர்ப்பட்டவள் வண்ணமீன் கடையில் வாய் குழறி நின்றாள்.

"பாசி திங்கிற மீன் வேணும். ஆனா சத்தம் போடக் கூடாது."

கடைக்காரர் சிரித்தார். "மீன் எங்கம்மா சத்தம் போடும்?"

போடும். அவள் வீட்டில் தையல் இயந்திரத்துக்கும் அக்காவின் கட்டிலுக்கும் நடுவே மீன் தொட்டிதான் தடுப்பு. பக்கவாதம் வந்து பேச்சு போனபின், அக்கா படுத்தபடியே தொட்டிக் கண்ணாடியைக் கரண்டியால் தட்டுவாள். இரண்டு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். பாசி தின்பதற்கென்று தொட்டியில் விட்டிருந்த சக்கர் மீனும் சும்மா இராது. முழ நீளம் வளர்ந்ததும் பாசி தின்பதை மறந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் முட்டும்.

பள்ளி திறக்கிற வாரம். பிற்பகல் மூன்று மணி, நாற்பது சட்டை பாக்கி. டொக், டொக் என்று கேட்டது. "இந்த மீனுக்கு வேற வேலையே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இயந்திரத்தை மிதித்தாள். கைவேலையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது அக்காவுக்கு உயிர் இல்லை. கரண்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

தட்டியது மீனா, அக்காவா? அந்தக் கேள்வி அவளை அரித்துத் தின்றது. மறுவாரமே அந்தச் சக்கர் மீனை இதே கடையில் தள்ளிவிட்டு வந்தாள். அப்புறம் பாசி கண்ணாடியை மூடிக்கொண்டது. உள்ளே இருப்பது அக்கா ஆசையாக வளர்த்த குட்டி மீன்கள். அவற்றையும் சாகவிட்ட பாவம் வேண்டாம் என்றுதான் இப்போது வந்திருந்தாள்.

"பாசி திங்கிறதுல ஒரு வகை வளந்தா மத்த மீன் மேல ஒட்டி உறிஞ்சும். இன்னொரு வகை துள்ளி வெளியில விழுந்துடும்" என்றார் கடைக்காரர். "உங்க தொட்டிக்கு ஓட்டோன்னு ஒரு பொடி மீன் இருக்கு, அதுதான் சரி. அரை விரல் அளவுதான். ஆறா வாங்குங்க, தனியா விட்டா பயந்தே செத்துடும்."

"கண்ணாடியில முட்டுமா?"

"எறும்பு வந்து கதவத் தட்டுமா?"

அப்போது முதுகுக்குப் பின்னால் டொக், டொக்.

"இதோ வரேங்க்கா!" என்று கத்திவிட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது. பெரிய தொட்டியில் அவளுடைய பழைய சக்கர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஆறு மீனைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஓட்டோக்கள் சமர்த்து. மூச்சுக் காட்டாமல் மேய்ந்து ஒரே மாதத்தில் கண்ணாடியைத் துலக்கிவிட்டன. அதன் வழியே அந்தப் பக்கத்துக் காலிக் கட்டில் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே தைத்தாள்.

ஒரு நாள் பிற்பகல். டொக், டொக்.

கால் நின்றது. எழுந்து போய் எண்ணினாள். ஆறும் இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பழியைத் தூக்கிப் போட இப்போது முட்டுகிற மீனும் இல்லை.

பாதி தைத்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, சமையலறையில் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, சிந்தாமல் கட்டிலுக்குப் போனாள்.

"வந்துட்டேங்க்கா" என்றாள்.