பதினாலாவது இடத்தில் ஒரு வாள்

பழைய ஜப்பானிய வாளைத் திருத்த ஆள் தேடுவது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம்; மாப்பிள்ளை சரிவராவிட்டால் பிரிந்து போகலாம், தேய்ந்த இரும்பு திரும்ப வளராது. கடை மேசைக்குப் பின்னால் நின்று "இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும். தையல் கடையானாலும் ரேடியோ திருத்தும் கடையானாலும் எல்லாருக்கும் இதே தலையிடிதான். என்னுடையது கொஞ்சம் நீளமான தலையிடி, உறையோடு.

புளி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மொன்றியலுக்கு வந்து, டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் பதினொரு வருசம் நின்றேன். முழங்கால் விட்டுப்போனதும் முசியே ரேமோனின், எங்கள் பேச்சில் ரேமோன் ஐயாவின், பழம்பொருள் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அது 2004. அவர் ஜப்பானிய வாள்களை வாங்குவார், விற்பார். ஆட்கள் கொண்டுவரும் வாள்களைத் திருத்துகிறவர்களிடம் அனுப்பியும் வைப்பார்.

முதல் கிழமையே மேசையில் ஒரு வாள் பிடி கழற்றிக் கிடந்தது. வெட்டும் அலகு பரவாயில்லை. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதிதான் கன்னங்கரேலென்று துருவேறிக் கறள் பிடித்திருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு போத்தலில் புளி கரைத்துக் கொண்டுபோனேன், குத்துவிளக்கு மாதிரி மினுக்கி வைக்கலாம் என்று. துணியை நனைத்து வாளில் வைக்கப் போகும்போது முசியே ரேமோன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போத்தலை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மதாம், அந்தக் கறளைப் பார்த்துத்தான் இதன் வயதைச் சொல்வார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழை நான் எப்போதாவது புளி போட்டுத் தேய்த்தேனா?"

கோயில் வாசலில்

கூட்டித் துடைக்கப் போனவள் இரண்டு வருசத்தில் மேசையில் இருந்து போன் எடுக்கிறவளாகிவிட்டேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கணவர் போய் ஐந்து வருசம். மகன் ரொறன்ரோவில், ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான், நான் வாயைத் திறக்க முன்னம் "அம்மா, பேந்து எடுக்கிறன்" என்பான். அதனால் லாசாலில் எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் கமலாக்காவிடம் சொன்னேன். அவர்தான் என்னைத் தன் காரில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர்.

சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நாலு பேர் பார்க்கக் கமலாக்கா நெஞ்சில் கைவைத்தார். "வாள் கடையிலையோ? உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்றார். "ஏனக்கா, உள்ளுக்கை நிக்கிறவரும் வேல் வச்சிருக்கிறார்தானே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கமலாக்கா மட்டும் சிரிக்கவில்லை: "அது சாமியடி. ஆயுதத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனம் நாங்கள், நீ என்னடாவெண்டால் வாளுக்குக் காவல் இருக்கிறாய்!"

சப்பாத்துப் பெட்டி

அந்த வருசம் இலை கொட்டும் காலத்தில் முசியே ஆர்மான் வந்தார். எண்பத்தாறு வயது, பழைய கப்பல் சமையல்காரர், டோர்வலில் முதியோர் இல்லத்தில் அறை. ஒரு கம்பளியில் சுற்றிய அலகு, வெடித்த உறை, ஒரு சப்பாத்துப் பெட்டி. பெட்டிக்குள் பட்டுநாடா அறுந்த பிடியும் கைக்காப்பு இரும்பும் சின்னச் சின்ன வளையங்களும். இளம் வயதில் ஒரு துறைமுகத்தில் இப்படியே துண்டு துண்டாக வாங்கினாராம். ஒரு நாளாவது அதை முழுசாகப் பார்த்ததில்லை. இனியாவது பார்க்க வேண்டும் என்றார்.

முசியே ரேமோன் அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வன்கூவர் பக்கம் ஒருவர் இருக்கிறார், ஜப்பானில் தொழில் பழகியவர், கல்லும் தண்ணீரும் தவிர வேறொன்றும் தொடமாட்டார். ஆனால் அவருக்கு முன்னால் பதின்மூன்று வாள்கள் காத்திருக்கின்றன, மூன்று வருசம் செல்லும் என்றார். லாவாலில் இன்னொருவர் இருக்கிறார், கெதியாகச் செய்வார், அவருடைய வேலையைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். யாரிடம் கொடுப்பது என்பது வாளின் சொந்தக்காரர் விருப்பம். அதைச் சொல்லிவிட்டு முசியே ரேமோன், மாரிக் குளிருக்கு வழக்கம்போல் புளோரிடாவுக்குப் போக ஆயத்தமானார். முசியே ஆர்மான் என் பக்கம் திரும்பினார்: "அவன் வியாபாரி, வாளைப் பார்க்கிறான். மதாம், நீங்கள் என்னைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யுங்கள்."

வெள்ளிக்கிழமைக்குள்

எதற்கும் இருக்கட்டும் என்று வன்கூவர்காரரிடம் பெயரைப் போட்டேன். பதினாலாவது இடம். அன்று தொடங்கி ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு முசியே ஆர்மான் போன் எடுத்தார். "எத்தனையாவது?" "பதினாலு." "இன்னுமா?" "இன்னும்தான்." பிறகு அவர் இல்லத்துச் சூப்பைத் திட்டுவார், நான் பஸ்ஸைத் திட்டுவேன். வெளியே பனி, உள்ளே நானும் முப்பது வாள்களும். செவ்வாய்களில் நான் ஒன்பதரைக்கே தேத்தண்ணீர் குடித்து முடித்துவிடுவேன், அவர் எடுக்கும்போது வாயில் ஒன்றும் இருக்கக்கூடாதென்று.

தையில் அவர் குரல் மெலிந்தது. நடுவில் மூச்சு வாங்கினார். எனக்கு நித்திரை போய்விட்டது. மூன்று வருசம் இந்த மனுசன் இருப்பாரா? நல்ல கை என்று பிடிவாதம் பிடித்து, அவர் பார்க்காமலே போய்விட்டால் அந்தப் பாவம் யாருக்கு? லாவால்காரரைக் கூப்பிட்டேன். நல்ல கம்பீரமான ஆள், கழுத்துப்பட்டி எல்லாம் கட்டி வந்தார். தான் மினுக்கிய ஒரு கத்தியை மாதிரிக்குக் காட்டினார், அதில் என் முகமே தெரிந்தது. மெசினில் பிடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடியும் என்றார். எனக்கு "ஓம்" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. என்னவோ நினைத்து, பிடிக்குள் போகும் கறளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கனிவாகச் சிரித்தார்: "கவலையே வேண்டாம், மதாம், அதையும் சேர்த்து வெள்ளி மாதிரி ஆக்கித் தருவேன், இலவசமாக!"

வேண்டாம் என்று சொன்ன செவ்வாய்

அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்படியே முசியே ஆர்மானிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று ஒரு சின்ன ஆசை.   அவர் சொன்னார்: "மூன்று வருசம் பொறுக்க உங்களால் முடியும், மதாம். என்னைப் பார்த்துத் தெரிவு செய்யச் சொன்னேன், நீங்களும் வாளைத்தான் பார்த்தீர்கள்."

மிஷெல் சொன்ன கட்டை

அடுத்த செவ்வாய் போன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது. இல்லத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இருக்கிறார், பேச விருப்பமில்லையாம். வாடிக்கையாளர் ஒருவர் கோபித்ததற்கு இவ்வளவு அழுவதா என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

லஷீனில் மிஷெல் என்றொருத்தி வாள் பிடிகளுக்குப் பட்டுநாடா கட்டுகிறவள். அவளுடைய வேலையை நாலைந்து தரம் கையில் வாங்கியிருக்கிறேன், ஒரு முடிச்சுக்கூட இளகியதில்லை. அவளுக்குப் போன் எடுத்து, வாளைப் பற்றித் தொடங்கி என் கவலை முழுவதையும் கொட்டிவிட்டேன். அலகு திருத்தி வரும்வரைக்கும் மற்றதெல்லாம் ஏன் பெட்டிக்குள் கிடக்கவேண்டும் என்று அவள் கேட்டாள். பிடியைக் கட்டலாம், உறையை ஒட்டலாம், அலகின் அளவுக்கு மரத்தில் ஒரு அலகு செதுக்கி எல்லாவற்றையும் அதில் கோக்கலாம். ஜப்பானில் காலங்காலமாகச் செய்கிற வேலைதானாம். "அப்போ அது பொய் வாள்தானே?" என்றேன். மிஷெலுக்குக் கோபம் வந்துவிட்டது: "பொய்யா? உண்மையானது திரும்பி வரும்வரை வீட்டைக் குலையாமல் வைத்திருப்பது அந்தக் கட்டைதான், மதாம்!"

முழு வாள்

இரண்டு மாதத்தில் முடித்துக் கொடுத்தாள். நீளமான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டோர்வலுக்குப் போனேன். பக்கத்தில் இருந்த பெண் வயலினா என்று கேட்டாள், ஓம் என்றேன்.

முசியே ஆர்மான் யன்னலோரக் கதிரையில் பாதியாகிப்போய் இருந்தார்.  வாளை அவர் மடியில் வைத்தேன். கறுப்பு உறை, நீலப் பட்டுப் பிடி, நடுவில் கைக்காப்பு. விரல்களால் நுனிவரை தடவினார், திரும்பவும் தொடக்கத்துக்கு வந்தார். பிறகு மெல்ல உருவினார். வெளியே வந்தது வெளிறிய மரம். பொய் வாள் என்று ஏசுவார் என்று காத்திருந்தேன். பாதியில் நிறுத்தி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அந்த மரத்தைக் கனநேரம் பார்த்தார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்: "உள்ளே கட்டையை வைத்து, நிஜம் வரும்வரை என்னைச் சாகவிடாமல் பார்க்கிறீர்கள், கெட்டிக்காரிதான் நீங்கள்!"

பத்து மணி

செவ்வாய்ப் போன் திரும்பவும் வரத் தொடங்கியது. அந்த வருசக் கடைசியில் வன்கூவரிலிருந்து கடிதம் வந்தது; இலக்கம் ஒன்பதாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும், பாதிதான் வந்தது. இலக்கம் ஒன்று ஆனதும் அலகை அனுப்ப வேண்டும், அது திரும்பி வந்தால் செவ்வாய்களில் கேட்பதற்கு முசியே ஆர்மானுக்கு ஒன்றும் இருக்காது. என்றாலும் செவ்வாய் பத்து மணிக்கு மணி அடித்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சொன்னார்: "ஒன்பதா? அந்த மனிதரிடம் சொல்லுங்கள் மதாம், அவசரப்பட்டு வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று."

நல்ல கையைத் தெரிவு செய்தால் வேலை பிந்தும், பிந்தினால் செவ்வாய்க்கிழமைகளில் யாராவது போன் எடுப்பார்கள். இந்தத் தொழிலில் நான் கண்டது அவ்வளவுதான்.