செம்பைக் கொடு, காகிதத்தை எடு

ஸ்டாக்ஹோம் துறையில் துடுப்புப் போடும் பெண்களான எங்களுக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டுமே! வாய் இல்லாதவளை இந்த ஊர் விற்றுத் தின்றுவிடும். எங்களில் பெரிய வாய் வால்போரிக்கு. ஆனால் அவள் ஓட்டிய படகு அவளுடையதில்லை, பீர் காய்ச்சும் யோரானுடையது. பாதிக் கூலி அவனுக்குப் போய்விடும்.

புருஷன் கடலோடு போன பிறகு, படகை வாங்கிவிடுவது என்று வீட்டை விற்றாள். எங்கள் ஊர்ப் பணம் மடியில் முடிகிற பணமா? செம்புத் தகடு. பெரிய தகட்டைத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். யோரான் அடுத்த வருஷம்தான் படகை விற்பேன் என்றதால், அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று சறுக்குவண்டியில் வைத்து வங்கிக்கு இழுத்துப் போனாள்.

"எதுக்கும்மா இந்தப் பாரம்? இந்தச் சீட்டை வெச்சுக்க. எப்பக் கொண்டாந்தாலும் செம்பு தரேன்" என்றான் எழுத்தர் மத்தியாஸ். கையெழுத்துப் போட்டு, பெரிய சீட்டு ஒன்றும் சின்னது ஒன்றும் கொடுத்தான்.

அடுத்த வருஷமே வங்கியில் செம்பு இல்லை என்று பேச்சு. ஊரே சீட்டோடு அங்கே ஓடியது. யோரான் கைவிரித்தான். "காகிதத்தை வெச்சு நான் அடுப்பா பத்த வைக்க? மைக்கேல் திருநாளுக்குள்ள செம்பு கொண்டா. இல்லேன்னா படகு வேற ஆளுக்கு."

வால்போரி தினமும் வங்கிக்கு நடந்தாள். மத்தியாஸ் தலையைக்கூட நிமிர்த்த மாட்டான். "நாளைக்கு வா."

திருநாளுக்கு முந்தின நாள், அதே மத்தியாஸ் இரண்டு பெரிய தகடுகளோடு துறைக்கு வந்தான். அக்கரையில் ஒரு பிரபு வீட்டுக்காம்! பிரபு என்றால் செம்பு, எங்களுக்கு நாளைக்கு. வால்போரியின் முகத்தை அவன் என்றைக்குப் பார்த்தான்? அவள் படகிலேயே ஏறி உட்கார்ந்தான்.

நடுத்தண்ணீரில் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டாள்.

"ஏம்மா, நின்னுட்ட?"

"கரைக்கா? நாளைக்கு வா."

நாங்கள் சிரித்துக்கொண்டே படகுகளைச் சுற்றி நிறுத்தினோம். அவன் துள்ளி எழுந்தான், படகு ஆடியது, உட்கார்ந்துவிட்டான். பெரிய சீட்டை நீட்டினாள்.

"யாரு கையெழுத்து ஐயா? சத்தமாப் படிங்க."

"இதைக் கொண்டுவருபவருக்குச் செம்பு தரப்படும்…"

"கொண்டாந்துட்டேன். குடுங்க."

சீட்டின் தொகைக்குச் சரியாக ஒரு தகடு. அதைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டான். அவனைக் கரையில் இறக்கி, கூலியும் வாங்கினாள். அன்று மாலையே யோரான் வாசலில் தகடு தொப்பென்று விழுந்தது. படகு அவளுடையதாயிற்று.

மத்தியாஸ் சும்மா இருப்பானா? வழக்குப் போட்டான். வால்போரி தோற்றால் படகும் போகும், அவளும் சிறைக்குப் போவாள். நாங்கள் அத்தனை பேரும் நீதிமன்றத்தில் போய் நின்றோம்.

"கொள்ளைக்காரி!" என்று கத்தினான்.

வால்போரி நீதிபதியைப் பார்த்தாள். "ஐயா, அந்தச் சீட்டு செம்புக்குச் சமம்னா, நான் எதையும் திருடலை. சமமில்லேன்னா, திருடன் யாருன்னு நீங்களே சொல்லுங்க."

நீதிபதியின் பெட்டியிலும் அதே வங்கிச் சீட்டுகள் கிடந்தது ஊருக்கே தெரியும். கடைசியில், பயணியை நடுவழியில் நிறுத்தியதற்கு மட்டும் அபராதம் போட்டார்.

அவள் அந்தச் சின்னச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அபராதம் வாங்க வந்த ஆள் கையை நீட்டாமல் நின்றான்.

"ஏன், செல்லாதா?" என்றாள்.

"எடுத்து உள்ள வைய்யா" என்றார் நீதிபதி, எங்கள் பக்கம் திரும்பாமல்.