அப்பாவின் ஒயர்லெஸ் செட்

வின்சென்ட் மாமா, நீர் அந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கவே இல்லை.

இன்று அப்பாவின் பழைய ஒயர்லெஸ் செட்டைத் திறந்து, மைக் ஒயர் சேரும் இடத்தில் சால்டரிங் அயர்னின் ஊசிமுனையை வைத்தேன். ஈயம் உருகவில்லை. பசை கருகி நாறியது.

சின்ன வயதில் தேங்காய்ப்பட்டணத்தில் உம் கடைக்கு அப்பாவோடு வருவேன். உள்ளே எப்போதும் ஈயப் புகைதான். "ஏட்டி, தள்ளி நில்லு, கண்ணெரியும்" என்பீர். மைக் ஒயர் அறுந்த இந்தச் செட்டை நீர் சரிசெய்து கொடுத்த அன்று அப்பா கேட்டார்: "நல்லா பிடிச்சிருக்கா மச்சான்?"

"கடலு பொங்கினாலும் விடாது மாப்ள" என்றீர்.

அடுத்த வாரம் நடுக்கடலில் புயல்காற்றில் மாட்டிய அப்பாவின் குரல் எந்தப் படகுக்கும் கேட்கவில்லை. படகு மட்டும் இந்தச் செட்டோடு கரை ஒதுங்கியது. "அவனுக்குச் செட்டில பேசத் தெரியாது" என்று ஊரெல்லாம் சொன்னீர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்லும்: அந்த ஒயரை ஏன் பசை போட்டு ஒட்டினீர்?