தங்கை கேட்ட உப்புக்கண்டம்

என் கோபத்தைத் தெருவே அறியும். ஆனால் நான் சொன்ன ஒரு பொய் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு அப்போது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சோறு இறங்கவில்லை. எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணா, நாக்கு மரத்துப் போச்சு. நீ பண்ற உப்புக்கண்டம் இருந்தா ரெண்டு வாய் கஞ்சி குடிப்பேன்."

எங்கள் வீட்டில் உப்புக்கண்டம் என் வேலை. அன்றே ஆட்டுத் தொடைக்கறி வாங்கி, நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி ஊறவைத்தேன். மறுநாள் காலையில் கோக்க உட்கார்ந்தபோது மனைவி சணலை நீட்டினாள்.

"தறிக்காரன் வூட்ல நூலுக்கா பஞ்சம்? அப்பால போ," என்றேன்.

எங்கள் தெருவில் யாரும் காசு கொடுத்துக் கயிறு வாங்குவதில்லை. பூக் கட்டவும் மிச்சப் பட்டு நூல்தான், உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கட்டவும் அதுதான். தறியில் மிஞ்சிக் கிடந்த அரக்கு நிற நூலை முறுக்கிக் கறியைக் கோத்து மாடியில் கட்டினேன்.

மதியம் போய்ப் பார்த்தால், ஐயோ, உப்புத் தண்ணீரில் நூலின் சாயம் இறங்கிக் கறியெல்லாம் திட்டுத்திட்டாக அரக்கு. முப்பது வருஷமாகச் சாயநூலோடு புழங்குகிறவன் செய்த காரியம்! கழுவினேன், சீவினேன். போகவில்லை.

"நோவுல கீற பொண்ணுக்கு இதையா குடுப்பீங்க?" என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம். அதனாலேயே அவள்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

உடனே வேறு கறி வாங்கியிருக்கலாம். தறியில் ஒரு முகூர்த்தச் சேலை இருந்தது. அதை நெய்து முடித்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பாவி, விட்டுவிட்டேன். நாலாம் நாள் தங்கையே போனில் கூப்பிட்டாள்.

"காஞ்சிடுச்சா அண்ணா?"

சாயநூலில் கோத்த கூத்தைச் சொல்ல வெட்கம். சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள், அவ்வளவுதான். "எங்கம்மா காயறது? இங்க ஒரே மழை," என்றேன். மண்டையைப் பிளக்கும் வெயிலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"செரிண்ணா. மெதுவா ஆவட்டும்."

சேலையை அறுத்த அன்றே கறி வாங்கினேன். இந்த முறை சணல். நாலு வெயிலில் கட்டைபோலக் காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டு மூடும்போது போன் வந்தது. தங்கை வீட்டுக்காரர் அழுதார்.

அந்த டப்பாவோடுதான் போனேன். ஏன் எடுத்துப் போனேனோ! தங்கையை மயானத்துக்கு எடுத்து முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் அதைப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சா மச்சான்? தினிக்கும் மாடியில நின்னுகினு உங்க ஊர் பக்கமே பார்ப்பா. 'இங்க இப்படிக் காயுது, ஆரணியில மட்டும் மழை வுட மாட்டேங்குதே. பாவம் எங்க அண்ணன், கறியைத் தூக்கிகினு உள்ளயும் வெளியயும் அலையும்'னு பொலம்பிகினே இருந்தா."

டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமா மாப்ளே, நல்ல மழை," என்றேன்.