பிரசாதம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

வங்காளத்தில் எங்கள் டாக்குரியா பேட்டைத் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம். எங்கே கிளம்பினாலும் வீட்டில் ‘காளிகாட் கோவிலுக்கு’ என்றுதான் சொல்வோம். சினிமாவும் கோவில், புடவைக் கடையும் கோவில். திரும்பி வந்து காட்டுவதற்கென்றே என் கைப்பையில் ஒரு குங்குமப் பொட்டலம் எப்போதும் இருக்கும். கோவில் என்றால் எந்தப் புருஷன் மறிப்பான்?

இதற்கு மசியாத ஒரே ஆள் எதிர் ஃபிளாட் சௌந்தரம் மாமி.

மாமிக்குக் கட்டடப் பைத்தியம். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போது கண் காயில் இருக்காது, எதிர் வீட்டு வளைந்த பால்கனியில் இருக்கும். கடைக்காரன் முற்றலாகப் பார்த்துப் பையில் போட்டுவிடுவான். கல்யாணமானது முதல் சர்க்கார் குவார்ட்டர்ஸிலேயே குடித்தனம். எந்த ஊருக்கு மாற்றினாலும் அதே மஞ்சள் சுவர், அதே தீப்பெட்டி அறைகள்.

“ஒருத்தன் ஆசைப்பட்டுக் கட்டின வீட்டுல நான் ஒரு நாள்கூட இருந்ததில்லைடி, ஷியாமளா. பார்க்கவாவது கூடாதா?” என்பாள்.

தொண்ணூற்றேழில் மாமியின் கணவர் பட்டாபிராமன் மாமாவுக்கு ரிடையர்மென்ட் நெருங்கியது. அப்புறம் சென்னை. அதற்குள் பாரக்பூரைப் பார்த்தே தீருவேன் என்றாள் மாமி. வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஆற்றங்கரையில் பங்களாவும் சர்ச்சுமாகக் கட்டிக்கொண்ட ஊர்.

மாமா சிரித்தார். “கட்டடம் பார்க்கவா? கேட்கிறவா சிரிப்பா.”

நாள் பூரா கிரிக்கெட் பார்க்கிற மனுஷர் சொல்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடிப்படியில் மாமியின் காதைக் கடித்தேன். “கோவில்னு சொல்லிடுங்கோ மாமி, தொல்லை விட்டது.”

“நான் என்ன திருடவா போறேன்? என் ஆசைக்கு அம்பாள் பேர்ல பர்மிட்டா? இருக்கறதைச் சொல்லிட்டுத்தான் போவேன்.”

சொன்னாள். மாமா பேச்சை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பேப்பருக்குப் பின்னால் இருந்த முகத்திடம், “பாரக்பூர் போறேன், கட்டடம் பார்க்க” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். கீழ் ஃபிளாட் வங்காளிப் பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

நானும் கூடக் கிளம்பினேன். சியால்டா ஸ்டேஷனில் ரயில் மாறிப் போனோம். அம்மாடி, என்ன நடை நடந்தாள்! முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. ஒரு பழைய பங்களாவின் தூணைக் கட்டிப் பிடித்தாள். என் கைகளைச் சேர்த்தும் சுற்றி எட்டவில்லை. காவலாளி ஓடிவந்தான். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோவில் அந்தப் பக்கம் என்று கை காட்டினான்.

“தெரியும். நான் இதைப் பார்க்கத்தான் வந்தேன்” என்று மாமி வங்காளியில் போட்டாள் ஒரு போடு. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பச்சை ஜன்னல்களையும் உயர்ந்த வளைவுகளையும் மனசாரப் பார்த்து முடித்துத்தான் அவள் நகர்ந்தாள்.

ரயிலில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு வந்தோம். உள்ளே மாமாவின் ஆபீஸ் சிநேகிதர் குருமூர்த்தி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ! காளிகாட் கோவிலுக்குப் போயிருந்தேளாமே? பட்டாபி சொன்னான்” என்று எழுந்து, பிரசாதத்துக்கு வலது கையை நீட்டினார்.

மாமா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். என் கை தானாகக் குங்குமப் பொட்டலத்துக்குப் போனது. மாமி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“கோவிலுக்குப் போகலை. கட்டடம் பார்க்கப் போனேன். இவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மாமி அதில் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தாள். மாமாவின் கையிலும் ஒன்றைத் திணித்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்ரீராம்பூர் கட்டடங்கள். வரேளா, இல்லை சாப்பாட்டை மூடி வைக்கட்டுமா?”